கௌபாயை போட்டோ எடுத்தா ஆம்பளத்தனம் மாறுமா? கொஞ்சம் நீளமான பதில்

உங்க கேள்விய நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல திருப்பிச் சொல்லிடறேன். "கௌபாய்களை படம் எடுத்து ஆண்மை பத்தின பழைய எண்ணத்தையே கேள்வி கேக்கறாங்கன்னு அங்கங்க படிக்கறேன், தொப்பியும் பூட்ஸும் போட்ட ஒரு ஆளை படம் எடுத்தா அது எப்படிங்க நடக்கும், கேலரிக்காரங்க சும்மா அளக்கறாங்களா, நான் டாலஸ்ல இருக்கேன், கையில கேமரா இருக்கு, நானும் எடுக்கலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. இதுக்குள்ள இருக்கற நிஜக் கேள்வி, படத்தால உண்டான ஒரு நம்பிக்கைய இன்னொரு படத்தால கலைக்க முடியுமாங்கறதுதான்னு எனக்குப் படுது. பாதி முடியும். மீதி பாதி எங்க மாட்டிக்குதுன்னு சொல்லத்தான் இவ்ளோ நீளம்.

நான் டெக்சஸ்ல பதினோரு வருஷம் இருந்தேன், போட்டோகிராபி படிச்சதும் அங்கதான், அப்புறம் ஒரு சின்ன வாரப்பத்திரிகைக்கு ரோடியோ (காளை, குதிரை மேல ஏறி அடக்கற போட்டி), மாட்டுச் சந்தை, ராஞ்ச் (பெரிய மாட்டுப் பண்ணை) வேலைன்னு படம் எடுத்துக் குடுத்து வயித்த கழுவினேன். அதனால படம் பத்தி தைரியமா பேசுவேன். குதிரை பத்தி கேக்காதீங்க, ரெண்டே தடவைதான் ஏறியிருக்கேன், ரெண்டாவது தடவை இறங்கினது என் விருப்பத்துல நடக்கல. வெளியில இருந்து வந்து பாத்தவன் சொல்றதுன்னு எடுத்துக்கோங்க.

முதல்ல கௌபாய்னா யாரு. நம்ம ஊர்ல படிக்காத பையனை "மாடு மேய்க்கத்தான் போகப்போற"ன்னு திட்டுவோம் இல்லையா, கௌபாய்ங்கற வார்த்தைக்கு நேர் அர்த்தமே அந்த மாட்டுக்காரப் பையன்தான். நம்மள்ல நிறைய பேருக்கு கௌபாய் அறிமுகமானதே சிவகாசி லயன் காமிக்ஸ்ல வந்த டெக்ஸ் வில்லர் மூலமா, அதுவும் இத்தாலிக்காரங்க உட்கார்ந்து வரைஞ்ச கௌபாய், அந்தளவுக்கு சுத்தி வந்த சரக்கு. நிஜத்துல அது ஒரு கூலி வேலை. 1865ல அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் டெக்சஸ்ல மாடு மலிஞ்சு கிடந்தது, வடக்க விலை அதிகம், 1867ல கன்சாஸ்ல அபிலீன்ங்கற ஊருக்கு ரயில் வசதியோட மாட்டுச் சந்தை வந்ததும் ரெண்டாயிரம் மூவாயிரம் மாட்ட பத்துப் பன்னெண்டு பேர் சேர்ந்து ரெண்டு மூணு மாசம் நடத்திக் கூட்டிட்டுப் போவாங்க, சம்பளம் மாசம் முப்பது நாப்பது டாலர். 1874ல கிளிடன்ங்கறவர் முள்கம்பிக்கு பேட்டன்ட் வாங்கினார், மேய்ச்சல் நிலம் எல்லாம் வேலிக்குள்ள போச்சு, ரயில் பாதை தெக்க இறங்கி வந்துருச்சு, 1886-87 குளிர்காலத்துல வடக்க லட்சக்கணக்குல மாடு செத்துச்சு, அவ்ளோதான், அந்தப் பெரிய ஓட்டம் இருபது வருஷத்துல முடிஞ்சு போச்சு. வேலையோட கருவியும் பேரும் எல்லாம் மெக்சிகோ வக்கேரோக்கள் (அங்கத்த மாட்டுக்காரங்க) குடுத்தது, லாசோ (மாட்டுக்கு வீசற சுருக்குக் கயிறு), ராஞ்ச், ரோடியோ எல்லாமே ஸ்பானிஷ். அந்த மாட்டு ஓட்டங்கள்ல நாலுல ஒருத்தர் கறுப்பினத்தவரா இருந்திருப்பாங்கன்னு வரலாற்றுக்காரங்க சொல்றாங்க, இது மதிப்பீடு, யாரும் தலை எண்ணிச் சொன்னதில்ல. இதோட இன்னொரு கதையும் சுத்துது, கறுப்பினத்தவங்களை இளக்காரமா "பாய்"னு கூப்பிட்டதாலதான் கௌபாய்ங்கற பேரே வந்துச்சுன்னு. அத நம்பிடாதீங்க. "பாய்"னு கேவலமா கூப்பிட்டது உண்மை, ஆனா அந்த வார்த்தை அதுக்கு ரொம்ப முன்னாடியே, 18ஆம் நூற்றாண்டு இங்கிலீஷ்லயே மாடு மேய்க்கற பையனுக்கு இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. ராத்திரி மந்தை படுத்திருக்கும்போது ரெண்டு ரெண்டு பேரா குதிரைல சுத்தி வந்து காவல் இருப்பாங்க, அப்போ பாடிக்கிட்டே வருவாங்க, மெதுவா, சர்ச் பாட்டு, ஊர்ப்பாட்டு, எது தெரியுமோ அது. மாடு மிரண்டு ஓட ஆரம்பிச்சா ஆளையே மிதிச்சுக் கொன்னுடும், அதனால இருட்டுல திடீர்னு ஒரு சத்தம் கேட்டு மிரளக்கூடாதுன்னு தொடர்ந்து மனுஷக் குரல் கேட்டுட்டே இருக்கணும். சுருக்கமா சொன்னா ஆயிரக்கணக்கான மாட்டுக்குத் தாலாட்டு. இது வேலைல ஒரு பகுதி. நீங்க பாத்த எந்தப் போஸ்டர்லயாவது பாடற கௌபாய் ராத்திரி காவல்ல இருக்கானா?

இப்ப அந்த போஸ்டர் எப்படி வந்துச்சுங்கறது. 1885ல தியோடர் ரூஸ்வெல்ட் மான்தோல் சட்டை மாட்டி, கையில துப்பாக்கி, இடுப்புல டிஃபனி கடைல செஞ்ச கத்தியோட ஒரு படம் எடுத்துக்கிட்டார். காட்டுல நிக்கற மாதிரி இருக்கும், எடுத்தது நியூயார்க் ஸ்டுடியோல, பின்னாடி வரைஞ்ச திரை. சின்ன வயசுல ஆஸ்துமால கஷ்டப்பட்டவர், கண்ணாடி போட்ட பணக்கார வீட்டுப் பையன், அரசியலுக்கு வந்த புதுசுல உடை, குரல் எல்லாத்தையும் வச்சு கிண்டல் பண்ணாங்க. டகோடால நிஜமாவே ராஞ்ச் வச்சு உழைச்சாருங்கறது உண்மைதான், ஆனா அந்தத் தோற்றம் ஊருக்குப் போய்ச் சேந்தது ஸ்டுடியோ வழியாத்தான். 1901ல அதே ஆள் அமெரிக்க ஜனாதிபதி.

அடுத்தது உங்களுக்குக் கண்டிப்பா தெரிஞ்ச படம், எந்தப் படம்னு தெரியாமலேயே. 1949 ஆகஸ்ட்ல லைஃப் பத்திரிகை அட்டைல ஒரு முகம் வந்துச்சு, டெக்சஸோட வடக்கு முனைல, பான்ஹேண்டில்னு சொல்ற பகுதில இருக்கற ஜே.ஏ. ராஞ்சோட மேஸ்திரி கிளாரன்ஸ் ஹெய்லி லாங், எடுத்தவர் லெனர்ட் மெக்கோம். உள்ள இருந்த கட்டுரை அவரை கூச்ச சுபாவம், அதிகம் பேசாதவர்ங்கற மாதிரிதான் எழுதியிருந்தது. அந்தப் படங்கள்தான் பின்னாடி லியோ பர்னெட் விளம்பர ஏஜென்சிக்கு மார்ல்போரோ சிகரெட் விளம்பரத்துல வர்ற கௌபாய் ஆளை உருவாக்கத் தூண்டுச்சுன்னு பரவலா சொல்லுவாங்க. இங்கதான் விஷயம். மார்ல்போரோ 1924ல இருந்து பொம்பளைங்க சிகரெட், வாசகமே மே மாசம் மாதிரி மென்மையானதுன்னுதான். 50கள்ல சிகரெட்டால நோய் வருதுன்னு பயம் கிளம்பினதும் ஃபில்டர் வச்சு விக்கணும், ஆனா ஃபில்டர் சிகரெட் பொம்பளைங்க சமாச்சாரம்னு ஆம்பளைங்க தொட மாட்டேங்கறாங்க. அதுக்கு மருந்தாதான் கௌபாய். முதல்ல கையில பச்சை குத்தின ஆளுங்க, மாலுமி, மெக்கானிக்னு என்னென்னமோ போட்டுப் பாத்தாங்க, 60கள்ல கௌபாய் மட்டும் நின்னுட்டான். ஒரு கூச்சப்பட்ட மேஸ்திரி முகத்துல இருந்த வெயிலும் தூசியும், பொம்பளை சிகரெட்டுக்கு மீசை ஒட்ட உதவுச்சுன்னு வச்சுக்கோங்க. அந்த விளம்பரங்கள்ல வந்த வேன் மெக்லாரன் 1992லயும் டேவிட் மெக்லீன் 1995லயும் நுரையீரல் புற்றுநோய்ல போய்ச் சேந்தாங்க. மெக்லாரன் கடைசி காலத்துல சிகரெட்டுக்கு எதிரா பேசிட்டே இருந்தார்.

அதனால, கேலரிக்காரங்க ஆண்மைய புதுசா "கட்டுடைக்கறாங்க"ன்னு பெருசா பேசறப்ப எனக்கு லேசா சிரிப்பு வரும். கட்டினதே கேமராதான், அதுவும் பில் போட்டு கட்டினது. அதுக்கு முன்னாடி எடுத்த படங்களைப் போய் பாருங்க. ஏர்வின் ஸ்மித்னு ஒருத்தர், சிற்பம் படிச்சவர், டெக்சஸ்காரர், சுமாரா 1905ல இருந்து 1912 வரைக்கும் ராஞ்ச் ராஞ்சா சுத்தி எடுத்திருக்கார். துரத்தறது கட்டறது எல்லாம் இருக்கு, கூடவே சமையல் வண்டி பக்கத்துல தட்டோட தரைல உக்காந்து சாப்பிடறது, ஒருத்தருக்கு இன்னொருத்தர் முடி வெட்டறதுன்னு சாதாரண விஷயமும் இருக்கு, கறுப்பின கௌபாய்களும் இருக்காங்க. அந்தக் காலத்துல பொண்ணுங்களே இல்லாத முகாம்கள்ல ஆம்பளைங்களே ஜோடி சேர்ந்து டான்ஸ் ஆடுவாங்க, பொண்ணு வேஷம் ஆடறவன் கையில ஒரு கைக்குட்டை கட்டிக்குவான், அதுக்கும் படங்கள் இருக்கு. இந்த மாதிரி படங்களை இன்னிக்கு எடுத்துப் போட்டு "பாருங்க, இவங்க எல்லாம் கே (ஆணை விரும்பற ஆண்)"ன்னு எழுதறாங்க. அங்க நான் கொஞ்சம் நிதானிப்பேன். ஆடினது நிச்சயம். ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை போட்டு, சில சமயம் மடியிலேயே உக்காந்து ஸ்டுடியோல படம் எடுத்துக்கிட்டதும் நிச்சயம், அப்போ நண்பர்களுக்குள்ள அது சகஜமான போஸ். அவங்களுக்குள்ள என்ன இருந்துச்சுங்கறது அந்தக் கண்ணாடித் தகட்டுல பதியல. சிலருக்குள்ள காதல் இருந்திருக்கும், இல்லாம இருக்க வாய்ப்பே இல்ல, ஆனா எந்த ரெண்டு பேருன்னு படத்தை வச்சு கை நீட்ட முடியாது. நம்ம ஊர்ல ரெண்டு பசங்க விரல் கோத்துட்டு கடைத்தெருல நடந்து போறத வெள்ளைக்காரன் பாத்து ஒரு அர்த்தம் பண்ணிக்குவான் இல்ல, அந்தத் தப்ப நாம திருப்பிச் செய்யக் கூடாது.

பிற்பாடு வந்த போட்டோகிராபர்கள் ஆளாளுக்கு ஒரு வழி புடிச்சாங்க. ரிச்சர்ட் பிரின்ஸ் 80கள்ல மார்ல்போரோ விளம்பரத்தையே திரும்ப போட்டோ எடுத்து, எழுத்தை வெட்டிட்டு, பெருசு பண்ணி மாட்டினார், அதுல ஒண்ணு 2005ல ஏலத்துல பத்து லட்சம் டாலரைத் தாண்டுச்சு, ஒரு போட்டோ ஏலத்துல அந்த விலைக்குப் போனது அதான் முதல் தடவை. புத்திசாலித்தனமான வேலைதான், ஆனா நிஜ ஆள் ஒருத்தரும் அதுக்குள்ள கிடையாது, அந்த விளம்பரத்தை முதல்ல எடுத்தவங்களுக்கு அதுல வருத்தமும் உண்டு. ரிச்சர்ட் ஆவெடான் 1979ல இருந்து 84 வரைக்கும் மேற்கு மாநிலங்கள்ல சுத்தி வெள்ளை பேப்பர் முன்னாடி நிக்க வச்சு 752 பேரை எடுத்தார், சுரங்கக்காரங்க, லாரி டிரைவர், ஹோட்டல்ல வேலை செய்யற பொண்ணு, நடுவுல கௌபாய்ங்க. மலையும் வானமும் போயிட்டா கௌபாய் கொஞ்சம் களைச்சுப்போன கூலிக்காரரா நிக்கறார், அந்த ஒரு காரியம் போதும். எங்களை பரிதாபமா காட்டிட்டார்னு அந்தப் பக்கத்து ஆளுங்க கோவப்பட்டதும் நியாயம்தான். இங்கிலாந்துல இருந்து வந்த ஜேன் ஹில்டன் இன்னும் எளிமையா பண்ணாங்க, கௌபாயை அவர் வீட்டுக்குள்ள, படுக்கையறைல, கட்டில் ஓரத்துல உக்கார வச்சு எடுத்தாங்க. பூப்போட்ட பெட்ஷீட் மேல பூட்ஸ் கால். எனக்கு ஆவெடானை விட இது ஒரு படி மேல, ஏன்னா அது அந்தாளு தானே தேர்ந்தெடுத்த பெட்ஷீட்.

கே ரோடியோ பத்தி கேள்விப்பட்டிருப்பீங்களான்னு தெரியல. 1976ல நெவாடா ரீனோல ஆரம்பிச்சது, 1985ல சர்வதேச அமைப்பாவே ஆச்சு. அதுல எல்லாப் போட்டியும் ஆண் பெண் ரெண்டு பேருக்கும் திறந்திருக்கும், காளை மேல ஏறறது உள்பட, கூடவே ஆட்டுக்கு ஜட்டி மாட்டி விடற ஒரு போட்டியும் உண்டு, நிஜமாத்தான் சொல்றேன். பிளேக் லிட்டில் 1988ல இருந்து நாலு வருஷம் அத கறுப்பு வெள்ளைல எடுத்தார், தானும் இறங்கி காளை மேல சவாரி பண்ணவர். எய்ட்ஸ்ல நண்பர்கள் ஒவ்வொருத்தரா போய்க்கிட்டிருந்த வருஷங்கள் அது. அந்தப் படங்கள்ல யாரும் ஆண்மைய கேலி பண்ணல, கழட்டியும் போடல. அதே பெல்ட் பக்கிள், அதே தூசி, அதே கட்டு போட்ட மணிக்கட்டு, இதெல்லாம் எங்களுதும்தான்னு நிக்கறாங்க. ஐவன் மெக்லெல்லன் 2015ல ஓக்லஹோமா ஓக்மல்கீ ஊர்ல நடக்கற கறுப்பினத்தவங்க ரோடியோவுக்கு முதல் தடவை போனவர், அப்புறம் வருஷக்கணக்குல அதையே எடுத்து 2024ல புத்தகமா கொண்டு வந்தார். அவர் படங்கள்ல சின்னப் பசங்க, பாட்டிங்க, நீள நகத்துக்கு பாலிஷ் போட்ட குதிரைக்காரப் பொண்ணுங்க எல்லாரும் வருவாங்க. கௌபாய்னா தனியா நிக்கற ஆம்பளைங்கற ஐடியா அங்க குடும்பத்தோட கலந்து காணாமப் போயிடுது.

இப்ப என் கதை ஒண்ணு. முதல் வருஷம் நான் எடுத்தது எல்லாமே விளம்பரம்தான், எனக்கே தெரியாம. தரைல முட்டி போட்டு கீழ இருந்து மேல பாத்து எடுப்பேன், வானத்துக்கு எக்ஸ்போஷர் (கேமரா வாங்கற வெளிச்ச அளவு) வைப்பேன், டெக்சஸ் மதிய வெயில்ல தொப்பி விளிம்போட நிழல் மூக்கு வரைக்கும் இறங்கும், கண்ணு ரெண்டும் கறுப்புக்குள்ள போயிடும், தாடை மட்டும் வெளிச்சத்துல. பாக்க சும்மா ஜம்முன்னு இருக்கும். ஒரு தடவை ஒரு பெரியவர் என் கேமரா ஸ்கிரீனைப் பாத்துட்டு, இதுல இருக்கறது என் தொப்பிதான், என் தம்பி போட்டிருந்தாலும் இதே படம்தான்னு சொல்லிட்டு போயிட்டார். அன்னிக்கு ராத்திரி மெமரி கார்டு முழுக்க ஓட்டிப் பாத்தேன், கண்ணு தெரியற படம் ஆறோ ஏழோதான் இருந்துச்சு. மனுஷன் முகமூடியா மாறறது அந்த ரெண்டு ஸ்டாப் வெளிச்ச வித்தியாசத்துலதான்.

அதே பெரியவரோட ராஞ்சுக்கு பிப்ரவரில ஒரு ராத்திரி போயிருந்தேன், கிடேரிங்க கன்னு போடற சீசன், முதல் ஈத்து. ஒண்ணுக்கு கன்னு வெளிய வரல, ரெண்டு முன்னங்கால் மட்டும் தெரியுது. அவர் சட்டையக் கழட்டிட்டு தோள் வரைக்கும் சோப்புத் தண்ணி போட்டு கைய உள்ள விட்டார், கால்ல சங்கிலி மாட்டி, மாடு முக்கற நேரம் பாத்து மட்டும் இழுத்தார், முக்காதப்ப விட்டுட்டார், நடுவுல வாய் ஓயாம அந்த மாட்டுகிட்ட பேசிட்டே இருந்தார், "நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு"ங்கற மாதிரி ஏதோ. கன்னு வழுக்கிட்டு வந்து விழுந்துச்சு, மூச்சு இல்ல. வாய்ல கைவிட்டு சளிய வழிச்சுட்டு, ஒரு வைக்கோல் துண்டை எடுத்து மூக்குக்குள்ள விட்டு கிச்சுகிச்சு மூட்டினார். அது தும்முச்சு. தொப்பி எங்கயோ கிடந்தது, டார்ச் வெளிச்சத்துல அவர் நெத்தி மட்டும் பால் மாதிரி வெள்ளையா இருந்தது, புருவத்துக்குக் கீழ செங்கல் நிறம். அறுபது வருஷம் தொப்பி போட்டவங்க எல்லாருக்கும் அந்தக் கோடு இருக்கும். நான் டார்ச் ஒரு கையில, கேமரா ஒரு கையில, மூணு படம்தான் எடுத்தேன், ரெண்டு ஆடிப்போச்சு. மிச்சம் ஒண்ணுல அவர் முகம் கன்னோட முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல இருக்கு.

பத்திரிகைக்கு அந்தப் படத்தையும், வேலி ஓரம் சூரியன் மறையற நேரத்துல எடுத்த ஒரு நிழல் படத்தையும் அனுப்பினேன். எது அச்சாச்சுன்னு சொல்லவே வேணாம். எடிட்டர் கெட்டவர் இல்ல, "வாசகருக்கு இது கௌபாய்னு தெரியாதே"ன்னார். இத அப்ப கேட்டு எனக்குக் கோவம் வந்துச்சு, இப்ப யோசிச்சா பாதி பதில் எனக்குக் கிடைச்சதே அங்கதான். படம் எடுக்கறது நம்ம கையில இருக்கு, எதை கௌபாய்னு ஒத்துக்கறதுங்கறது பாக்கறவங்ககிட்ட இருக்கு, அவங்க கண்ணை எழுபது வருஷமா யாரோ பழக்கி வச்சிருக்காங்க. நான் மேல சொன்ன "பாதி முடியும்"ங்கறது இதான்.

இன்னொரு சந்தேகமும் உண்டு, மறைக்கல. இந்த மாதிரி படங்களை ஃபேஷன் கம்பெனிங்க உடனே புடிச்சுக்கறாங்க, கண்ணீர் விடற கௌபாய், பிங்க் சட்டை கௌபாய், ரெண்டு சீசன்ல அதுவே இன்னொரு போஸ் ஆயிடுது. கையில பூவைக் குடுத்து நிக்க வச்சா மென்மை வந்துடும்னு நினைக்கறதும் ஸ்டுடியோல துப்பாக்கி குடுத்து நிக்க வச்சதும் ஒரே வேலைதான். அந்தப் பக்கம் நிஜ வாழ்க்கைல, ரோடியோல தலைல அடிபட்டும் மறுநாள் ஏறற பசங்க இருக்காங்க, வலிய வெளிய சொல்றது அசிங்கம்னு வளந்தவங்க. மொண்டானா, வயோமிங் மாதிரி ராஞ்ச் மாநிலங்கள் அமெரிக்காவுலயே தற்கொலை விகிதம் அதிகமா இருக்கற மாநிலங்கள். அதுக்கு துப்பாக்கி வீட்டுலயே இருக்கறது, ஆஸ்பத்திரி நூறு மைல் தள்ளி இருக்கறது, தனிமைன்னு பல காரணம், எல்லாத்தையும் ஆண்மை மேல போட முடியாது. போட்டோ அதையெல்லாம் சரி பண்ணும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கன்னு படத்தோட பிரின்ட் ஒண்ணு பெரியவருக்கு குடுத்தேன், அவர் ஒண்ணும் சொல்லல, அடுத்த தடவை போனப்ப அது ஹால்ல மாட்டியிருந்துச்சு, பக்கத்துல பேரப்புள்ள போட்டோ.

உங்க கடைசி கேள்வி, எடுக்கலாமா. தாராளமா. ஃபோர்ட் வொர்த் உங்களுக்குப் பக்கம்தான், ஆமன் கார்ட்டர் மியூசியம் போங்க, உள்ள போக காசு கிடையாது, ஏர்வின் ஸ்மித்தோட படத் தொகுப்பு அவங்ககிட்டதான் இருக்கு, ஆவெடானோட வேலையும் அவங்க சொல்லி எடுத்ததுதான். அப்புறம் அதே ஊர் ஸ்டாக்யார்ட்ஸ்ல தினம் ரெண்டு வேளை டூரிஸ்டுக்காக லாங்ஹார்ன்ங்கற நீளக் கொம்பு மாடுகளை ரோட்டுல ஓட்டிட்டுப் போவாங்க, அங்க போய் மனசுல இருக்கற போஸ்டர் எல்லாத்தையும் எடுத்துத் தீத்துடுங்க, அது உள்ள இருந்தா வேற எதுவும் வராது. பெரிய லென்ஸ் வேணாம், 35 இல்ல 50 மில்லிமீட்டர் போதும், அந்த தூரத்துக்கு நீங்க போய்த்தான் ஆகணும், போனா பேசித்தான் ஆகணும். எக்ஸ்போஷர் கண்ணுக்கு வைங்க, வானம் வெளுத்தா வெளுக்கட்டும். ரோடியோன்னா காளை மேல எட்டு செகண்ட் தாக்குப் பிடிக்கற சவாரிய விட்டுட்டு, காளை வெளிய வர்ற கேட்டுக்குப் பின்னாடி நில்லுங்க, ஒருத்தன் மணிக்கட்டுக்கு இன்னொருத்தன் டேப் சுத்தி விடுவான், கையுறைல பிசின் தேய்ச்சு விடுவான், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிரார்த்தனைக்கும் தேசிய கீதத்துக்கும் எல்லாரும் தொப்பிய எடுப்பாங்க, உங்களுக்கு நெத்தி கிடைக்கறது அப்பதான். நீங்களா தொப்பிய கழட்டச் சொல்லாதீங்க, அடுத்தவங்க தொப்பியத் தொடவே தொடாதீங்க, அது அங்க ரொம்ப மரியாதைக் குறைச்சல். ஓக்மல்கீ ரோடியோ ஆகஸ்ட்ல வரும், டாலஸ்ல இருந்து கார்ல கிட்டத்தட்ட நாலு மணி நேரம், வெயில் மண்டைய பொளக்கும், தண்ணி கேனும் பிரின்ட் அனுப்ப அட்ரஸ் எழுதிக்க ஒரு சின்ன நோட்டும் எடுத்துட்டுப் போங்க.